அக்காவின் பீப்பி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டு, சோடி தேடும் பெட்டை மானைப் போலக் கத்திப் பழகினான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? அதையேதான் என் மனைவியும் நினைத்தாள். நான் ஒரு மடையன் என்பதை வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால் எதிரே நிற்பவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. போன வருடத்துக் கோடையில் மட்டும் அந்தத் தந்திரம் எனக்கு உதவவில்லை.

லண்டனில் வால்தம்ஸ்டோ என்கிற பகுதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கிப் போடுவது என் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களிலும் பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்திய வீடுகளிலும் மைக் பிடிப்பேன். பல குரலில் பேசுவேன். ஐயர் அவசர அவசரமாக மந்திரத்தை முடிப்பது, கவுன்சிலுக்குப் போன் எடுத்தால் காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் அந்த அறுவை இசை, ஒரு மாமி தன் மகளின் சம்பளத்தைச் சொல்லாமல் சொல்வது, எல்லாம் செய்வேன். சனம் கைதட்டும். சாப்பாட்டுக்கு முதல் என்றால் கொஞ்சம் குறைவாகத் தட்டும்.

இந்தக் கைதட்டல்தான் என்னை மரத்தில் ஏற்றியது. உண்மையாகவே மரத்தில்.

அண்ணை என்று நான் சொல்வது என்னோடு கூடப் பிறந்தவரை அல்ல. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், லண்டனிலேயே பார்க்கிங் என்கிற ஊரில் ஓர் இறைச்சிக் கடையில் வெட்டுகிற வேலை செய்கிறவர். லண்டனுக்கு வர முதல் இருபது வருடங்களுக்கு மேல் ஜெர்மனியில் இருந்தார். அங்கே காட்டோரத்துக் கிராமம் ஒன்றில், உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். முதலாளி வேட்டைக்காரன். மானை விரட்டிக் கலைக்க ஆள் போதாத ஒருநாள் இவரையும் ஏற்றிக்கொண்டு போக, இவருக்கு அது பிடித்துவிட்டது. கடைசியில் அந்த நாட்டு வேட்டைப் பரீட்சையை ஜெர்மன் மொழியிலேயே எழுதிப் பாஸ் பண்ணினார். கார் ஓட்டும் பரீட்சையில் மட்டும் திரும்பத் திரும்பப் பெயில். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு நாடாக ஓடி வந்த எங்கள் சனத்தில், முறைப்படி அனுமதி எடுத்துத் துவக்கு வாங்கி அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஆள், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் அந்த அறைப் பக்கம் முதுகைக் காட்டி இருக்க மாட்டார்கள்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அண்ணையின் மனைவி எப்படி அக்கா ஆகலாம் என்று முறை பார்த்தால் தலை சுற்றும். லண்டனில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அந்த ஜெர்மன் கிராமத்தில் இவர்களைத் தவிர வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. வீட்டில் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மரங்களைப் பார்க்கலாம் என்று அக்காவும் அவரோடு காட்டுக்குப் போகத் தொடங்கினாராம். போனவர் சும்மா இருக்கவில்லை. மானைக் கூப்பிடுகிற வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ரோ என்கிற சிறிய சாதி மான்கள் சோடி சேரும். பெட்டை மெல்லியதாக 'பீ' என்று ஒரு சத்தம் கொடுத்தால், புதருக்குள் படுத்திருக்கிற கிடாய் வருடம் முழுவதும் காட்டிய எச்சரிக்கையை மறந்து ஓடி வரும். விரல் நீளத்து மரக்குழல் ஒன்றில் மனிதர் ஊதினாலும் வரும். அந்தக் குழலுக்கு வேட்டைக்காரர்கள் என்னவோ பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அக்கா அதைப் பீப்பி என்றார். அவர் ஊதுவார், அண்ணை சுடுவார், பங்கு எங்கள் வீட்டுக்கும் வரும். அக்கா மான் இறைச்சியை வாயில் வைத்ததில்லை. கேட்டால், "கூப்பிடுறது நான், கொல்லுறது அவர், தின்னுறது நீங்கள். பாவத்தைப் பிரிச்சு எடுத்தால் ஆளுக்குக் கொஞ்சந்தானே வரும்" என்பார்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். பிள்ளைகள் படித்து முடித்து, ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு லண்டன் கடைசிவரை பிடிக்கவில்லை. இங்கே மூச்சு விடுவதற்கும் பஸ் பிடித்துப் போகவேண்டியிருக்கிறது என்று சொல்வார். அவர் மூச்சு விடப் போன இடம் எசெக்ஸில் ஒரு பண்ணை. அப்பிள் கன்றுகள் நட்ட வயலும், அதையொட்டி ஒரு சிறு காடும். மான்கள் கொம்பைத் தேய்த்துக் கன்றுகளின் பட்டையை உரித்துவிடும், கன்று பட்டுப்போகும். அதனால் பண்ணைக்காரர் அண்ணைக்குச் சுட அனுமதி கொடுத்திருந்தார். காசு வாங்குவதில்லை, கன்றுகளைக் காப்பாற்றினால் போதும் என்பது பேச்சு. காட்டோரத்தில் ஒரு பெரிய ஓக் மரத்தோடு சேர்த்து அண்ணை பரண் கட்டினார். இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்காவும் அண்ணையும் கோயிலில் இருப்பார்கள், இல்லையென்றால் பரணில் இருப்பார்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் அக்கா இறந்துபோனார். நோய் என்று தெரிந்ததற்கும் போனதற்கும் இடையில் நாங்கள் ஒழுங்காக இரண்டு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. தகனத்தன்று மழை. எங்களுக்கு அடுத்த குடும்பம் வாசலில் குடைகளோடு நின்றதால் எல்லாம் கெதியாய் முடிந்தது. செத்த வீடுகளில்கூட ஒரு மூலையில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் நான். அன்று என்னைச் சுற்றி வழக்கமான நாலு பேர் வந்து நின்றார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணை பண்ணைப் பக்கம் போகவில்லை. வேலை, வீடு, திரும்ப வேலை. கோடை வந்தபோது பண்ணைக்காரர் போன் எடுத்தார். ஒரு கிடாய் புதிதாக வந்து, ஒரு வரிசைக் கன்றை ஏறக்குறைய முடித்துவிட்டது. வேட்டைக்குழு ஒன்று நிலத்தை வாடகைக்குக் கேட்கிறது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு வரை பொறுக்கிறேன், அதற்குள் அந்தக் கிடாயை எடுத்தால் நிலம் உங்களிடமே இருக்கும் என்றாராம். நல்ல மனிதர். சொல்லும்போது தொண்டையைப் பலமுறை செருமினார் என்று அண்ணை சொன்னார்.

இதைச் சொல்வதற்காக அண்ணை என் பெற்றோல் நிலையத்துக்கு வந்தார். கார் இல்லாத மனிதர் பெற்றோல் நிலையத்துக்கு வந்தால் விஷயம் பெரிது. ஒன்றும் வாங்காமல் பேப்பர் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, வரிசை முடியும்வரை பொறுத்திருந்தார். தான் ஊத ஏலாது என்றார். மேல்பல் கட்டின பிறகு காற்று பக்கத்தால் போகிறதாம். இணையத்தில் மான் சத்தம் கிடக்குமே, போனில் போட்டுவிடுங்கோவன் என்றேன். ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணிய முகத்தோடு என்னைப் பார்த்தார். அது வேட்டை இல்லையாம், கள்ளவேலையாம்.

"டேய், உனக்குத்தானே எல்லாக் குரலும் வரும். இது வருமோ?"

"ஏன் வராது அண்ணை? யானையெண்டாலும் கூப்பிடுவன்."

"யானை வேண்டாம். எனக்கு அந்த இடம் போகக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். பிறகு திரும்பி வந்து, கதவைச் சரியாகச் சாத்திவிட்டுப் போனார்.

இறைச்சிக் கடையின் பின்பக்கத்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் என் பாடங்கள் தொடங்கின. புதிதாக வாங்கிய ஒரு குழலைக் கையில் தந்தார். நான் ஊதினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது மான் இல்லை. வயித்துக்குத்து வந்த தாரா."

வாத்துச் சத்தம் போகட்டும் என்று இன்னும் மெதுவாக ஊதினேன்.

"இப்ப தாரா செத்துப் போச்சு."

வீட்டில் தொடர்ந்து பழகினேன். குளியலறையை மனைவி தடைசெய்த பிறகு பின்வளவுக்குப் போனேன். மானைத் தவிர மற்ற எல்லாம் வந்தன. முதல் நாள் பக்கத்து வீட்டுப் பூனை. அடுத்த நாள் வேலிக்கு மேலால் அந்த வீட்டுப் பெண்ணின் தலை. பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். பிள்ளைகள் பெரியவர்கள், சுகமில்லாதது எனக்குத்தான் என்றேன். மூன்றாம் நாள் நரிகள். லண்டன் நரிகளுக்கு எங்கள் கோழி எலும்பு நல்ல பழக்கம். ஏதோ குட்டி ஒன்று அவதிப்படுகிறது, சாப்பாடு ஆயத்தம் என்று நினைத்து இரண்டு நரிகள் கொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் ஊதுவதை நிறுத்தினால் நிமிர்ந்து பார்த்தன. கல்யாண மண்டபத்தில்கூட எனக்கு அப்படிக் கவனமாகக் கேட்கிற சனம் வாய்த்ததில்லை.

சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் சொன்னாள், அக்கா ஊதினது தன்னுடைய போனில் இருக்கிறது என்று. அக்கா பரணில் இருந்தபடி அவளுக்கு எப்போதோ அனுப்பிய குரல் செய்தி. செத்துப்போனவர்களின் செய்திகளை என் மனைவி அழிப்பதில்லை. அவளுடைய போன் எப்போதும் நிரம்பி வழிந்து, புதுப்படம் எடுக்க இடமில்லாமல் கிடப்பது அதனால்தான்.

அந்தச் செய்தி சின்னது. முதலில் காற்றுச் சத்தம். பிறகு நீளமாக ஒரு 'பீ', இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னும் மெல்லியதாக, கெஞ்சுவது போல மூன்றாவது. கடைசியில் குட்டையாக, அடுத்தடுத்து இரண்டு. அதற்குப் பிறகு ஏதோ புறாச் சத்தம் போல ஒன்று. முடிவில் அக்காவின் குரல், மிக ரகசியமாக: "கேட்டனீரே என்ரை பாட்டை?"

நான் அதைக் காதில் மாட்டிக்கொண்டு பழகினேன். வேலைக்குப் போகும்போது, வரும்போது, பெற்றோல் நிலையத்தில் ஆள் இல்லாத நேரம். என்னிடம் ஒரு குணம், ஒருவரின் குரலைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று முதலில் பார்ப்பேன். அக்கா மூன்றாவதுக்கு முன் சின்னதாக மூச்சு எடுத்தார். அதைப் பிடித்த அன்று எல்லாம் வந்துவிட்டது. நீளம், இடைவெளி, கெஞ்சல், கடைசிக் குட்டைகள் இரண்டு, ஒன்றும் குறையாமல் வந்தது. மனைவி கேட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நல்லாயிருக்கோ என்றேன். கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணைக்கு இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பரணில் வைத்து அவரை அசத்த வேண்டும் என்று திட்டம். மேடையில் நிற்கிறவன் புத்தி வேறெப்படிப் போகும்?

பண்ணைக்காரர் சொன்ன அந்தக் கடைசி ஞாயிறு வந்தது. அதற்கு முதல் வந்த நாட்களில் அண்ணை தனியே ரயிலிலும் டாக்சியிலும் போய், பரணில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். கிடாய் தலைகூடக் காட்டவில்லை. காலையில் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இரவு இடி இடித்து ஓய்ந்திருந்தது. வானம் ஈரச் சாக்கு மாதிரித் தொங்கியது. காற்றில்லாத புழுக்கம், இப்படியான நாளில்தான் கிடாய் வரும் என்றார். என் முகத்துக்குப் பூசியிருந்த வாசனையைக் காட்டின் ஓரத்தில் வைத்து, ஈரப் புல்லால் துடைக்கச் சொன்னார். மனைவி கட்டித் தந்த முட்டைச் சம்பல் வைத்த பாண் துண்டுகளையும் காரிலேயே வைக்கச் சொன்னார். மான் வராவிட்டாலும் பாண் மிஞ்சட்டும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பரணில் மழை படாத மூலையில், பொலித்தீன் பையொன்றுக்குள் ஒரு மெத்தைத் துண்டு இருந்தது. பழைய நூல் சேலையை வெட்டித் தைத்த உறை. ஒரு குளிர்காலம் முழுவதும் கிடந்ததில் பூஞ்சணம் பிடித்து மணத்தது. அண்ணை அதை வெளியே எடுத்து, சத்தம் வராமல் உதறி, எனக்குப் போட்டார். அவருடைய பக்கத்தில் ஒன்றுமில்லை, வெறும் பலகை. அந்த மெத்தையில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் அரைவாசியாக உட்கார்ந்தேன். ஒரு பகிடி வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை விழுங்கிவிட்டேன்.

நான் கொண்டுபோயிருந்த புதுக்குழலை அவர் பார்த்துத் தலையாட்டினார். தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். உள்ளே அக்காவின் பீப்பி. வாயில் வைக்கிற பக்கத்தில் மரம் கறுத்து, சின்னப் பற்குறிகள் இருந்தன. அதை என் கையில் வைத்துவிட்டு, துவக்கைக் கம்பில் சாத்தி, முன்னாலிருந்த வெளியைப் பார்க்கத் தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால் இடது பக்கம். அக்கா இருந்த பக்கம்.

முதலில் அண்ணை சொல்லித் தந்தபடி ஊதினேன். ஒரு காட்டுப்புறா பறந்து போனது. கால் மணித்தியாலம் பொறுத்து இன்னொருமுறை. ஒன்றும் இல்லை. அண்ணையின் முதுகு அசையவில்லை. வெளியின் அந்தப்பக்கம் பட்டை உரிந்த அப்பிள் கன்றுகள் வரிசையாக, எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன. இந்த இடம் போனால் இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கடைக்கு லீவு. வீட்டில் ஆள் இல்லை. பயம் வந்தது. பயம் வந்தால் என்னிடமிருக்கிற பெரிய உருப்படியை எடுத்துவிடுவேன். எடுத்தேன்.

நீளமாக ஒன்று. இன்னொன்று. இடைவெளி. சின்ன மூச்சு. கெஞ்சலாக மூன்றாவது.

மூன்றாவது முடியவில்லை, கிடாய் வெளியில் நின்றது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஈரத்தில் சிவந்த உடம்பு, நெற்றிக்கு மேலே கறுத்த கொம்பு. ஓடிவந்த மூச்சு வயிற்றில் தெரிந்தது. நேராக எங்களைப் பார்த்தபடி நின்றது. பக்கம் திரும்பினால்தான் சுடலாம், நேரே நிற்கிற மிருகத்தைச் சுடக்கூடாது என்று அண்ணை சொல்லியிருந்தார். அவருடைய கன்னம் துவக்கோடு ஒட்டிக்கொண்டது. தோள் இறங்கியது. இனிக் கிடாய் ஓரடி வைத்துத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அது திரும்பவில்லை. தயங்கியது. பாட்டின் மிச்சத்துக்காக நிற்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால் மிச்சத்தையும் கொடுத்தேன். குட்டையாக, அடுத்தடுத்து இரண்டு.

அண்ணை திரும்பினார்.

பரணில் தலையைக்கூட நத்தை மாதிரித் திருப்பவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர், சமையலறையிலிருந்து யாரோ கூப்பிட்டது போல, முழு உடம்போடு சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகம் மிகச் சாதாரணமாக இருந்தது. 'என்ன?' என்று கேட்கிற முகம். தேத்தண்ணி ஊத்தட்டோ என்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஊத்தும் என்று சொல்லப்போகிற முகம். பிறகு அக்காவின் இடத்தில் என்னைக் கண்டார்.

துவக்கின் பிடி பலகையில் இடித்தது. கிடாய் நாய் குரைப்பது போல ஒருதரம் குரைத்துவிட்டுக் காட்டுக்குள் பாய்ந்தது. உள்ளே போயும் விடாமல் குரைத்தது. தூரம் தூரமாகப் போய்க் கடைசியில் ஓய்ந்தது.

அண்ணை துவக்கிலிருந்து குண்டை எடுத்துப் பையில் போட்டார்.  வெளியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்கை பழகினனி உந்தப் பாட்டை?"

"அக்கா எங்கடை இவவுக்கு அனுப்பின மெசேஜிலை, அண்ணை."

அவர் துவக்கை மூலையில் சாத்தி வைத்தார்.

"கடைசியா ரெண்டு ஊதினியே. அது மானுக்கில்லை. எனக்கு."

அதற்கு மேல் அவர் சொன்னது துண்டு துண்டாக வந்தது. அக்கா ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வயதில் எங்கள் பெண்கள் யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் என்றால் 'இஞ்சருங்கோ'. பரணில் அதையும் சொல்ல ஏலாது, மான் ஓடிவிடும். அதனால் ஏதாவது காட்டவேண்டுமென்றால், குளிருகிறதென்றால், போவோம் என்றால், குட்டையாக இரண்டு ஊதுவார். ஜெர்மனியில் சுட்ட மிருகத்தைத் தேடி இவர் பனிப்புகாருக்குள் இறங்கிப் போனால், தனியே இருக்கிற அக்கா அங்கிருந்து இரண்டு ஊதுவாராம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர் பரணுக்கு வழி பிடித்து வருவாராம்.

மத்தியானம் வரை இருந்தோம். நான் பிறகு ஊதவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்படிக் குரைத்துக்கொண்டு போன கிடாய் அன்று திரும்பி வராது என்பது எனக்கே தெரிந்தது.

இறங்கும்போது அண்ணை மெத்தையை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டார். பண்ணை வீட்டுப் படலையடியில் அவரும் பண்ணைக்காரரும் பேசியதைக் காருக்குள் இருந்து பார்த்தேன். குறுக்கே போய், எல்லாம் என் பிழை என்று சொல்ல நினைத்து இறங்கினேன். அண்ணை தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அண்ணையின் கையைப் பிடித்தார். முடிந்தது.

திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலை அடைத்துக் கிடந்தது. வைப்பர் தேய்த்துக்கொண்டேயிருந்தது. அண்ணை மடியில் மெத்தையோடு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பூஞ்சண மணமும் முட்டைச் சம்பல் மணமும் காருக்குள் கலந்திருந்தன. அமைதி நீண்டால் எனக்கு நோய் மாதிரி. வாய் தன்பாட்டில் திறந்தது.

"கிடாயும் ஏமாந்துது, நீங்களும் ஏமாந்தியள். அப்ப நான் நல்லாத்தானே ஊதியிருக்கிறன், அண்ணை."

சொல்லி முடிக்க முதலே அந்தச் சொற்களைத் திரும்ப வாய்க்குள் போட வழி தேடினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பார்க்கிங்கில் இறங்கும்போது, கவனமாய்ப் போ என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக நான் எதைச் சொன்னாலும் ஒரு குத்து வைத்திருப்பாள். அன்று போனை எடுத்து அந்தச் செய்தியை ஒலிபெருக்கியில் போட்டாள். காற்று. நீளம், நீளம். மூச்சு. கெஞ்சல். குட்டையாக இரண்டு. அதன் பிறகு நான் எத்தனையோ தடவை கேட்டும் காட்டுப்புறா என்று விட்டுவிட்ட அந்தச் சத்தம். மனைவி நிறுத்தி, அந்த இடத்தைத் திரும்பப் போட்டாள். புறா இல்லை. அண்ணைதான். மிகத் தாழ்ந்த குரலில், மான் கேட்காதபடி, "ஓம்" என்று அக்காவுக்குப் பதில் சொல்கிறார்.

மனைவி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பழைய போன் பழுதானபோது அண்ணையிடமிருந்த அக்காவின் செய்திகள் எல்லாம் போய்விட்டனவாம், அக்காவின் குரல் என்று இப்போது அவரிடம் ஒன்றுமே இல்லையாம். அக்காவின் முப்பத்தோராம் நாள் சடங்கன்று மகள் சொல்லி அழுதாளாம். அன்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? அடுப்படியில் வடையைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை அவருக்கு அனுப்புங்கோ" என்றாள். "அனுப்ப முதல் கேளுங்கோ. திடீரெண்டு போனிலை அவவின்ரை குரல் வந்தால் மனுசன் என்ன பாடுபடும்."

கேட்பதற்கு ஏழு நாள், ஒரு முழுக் கிழமை எடுத்தது. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் மாறவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போகாமல் விடவும் ஏலாது. பரணிலிருந்து இறங்கும்போது அக்காவின் பீப்பியை என் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

இறைச்சிக் கடையில் சனம். எனக்கு முன்னால் ஒருவர் ஆட்டுத் தலையை இரண்டாகப் பிளக்கச் சொல்லி நின்றார். அண்ணை வெள்ளை மேலங்கியோடு மரக்குற்றிக்கு முன்னால் நின்று வெட்டினார். என்னைக் கண்டதாகக் காட்டவில்லை. என் முறை வந்தது.

"எலும்போடையோ, தனி இறைச்சியோ?"

எல்லாரிடமும் கேட்கிற அதே குரல். எலும்போடை என்றேன். வீட்டில் இறைச்சி ஏற்கெனவே இருந்தது. அவர் நிறுத்துப் பையில் போடும்வரை பார்த்திருந்துவிட்டு, பீப்பியைக் கண்ணாடித் தட்டுக்கு மேலால் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். பார்க்காமலே மேலங்கிப் பைக்குள் போட்டார்.

எனக்குப் பின்னால் வரிசை அசைந்தது. சுற்றி வளைக்க நேரமில்லை.

"அண்ணை, அந்த மெசேஜ் எங்களிட்டை இருக்கு. அக்காவின்ரை குரலும் இருக்கு அதிலை. உங்கடை குரலும். உங்கடை போனுக்கு அனுப்பட்டோ?"

கத்தியை எடுத்தார். மரக்குற்றியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினார். எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து வாருங்கோ என்று தலையசைத்தார். பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"வேண்டாம். நீ ஊதினதே போதும்."